சுதி சேராத மகனுக்கு

அன்புள்ள அருள்,

நலம் விசாரித்துத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். ஆனால் உன் மூக்கடைப்பிலிருந்து ஷெரின் கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தது வரை எல்லாவற்றையும் நேற்றே போனில் கேட்டுவிட்டேன். கேட்க முடிந்தது, நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசினாலே என் குரல் தேய்ந்து போகிறது. நான் செருமிக்கொண்டே இருந்தேன், நீ "சரிம்மா, ரெஸ்ட் எடு, அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டாய். எழுதுவதற்குத் தொண்டை தேவையில்லை. உன் அப்பா மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குறட்டை விடுகிறார், வீட்டில் வேறு சத்தம் இல்லை. அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று என்னிடம் கேள்விகள் இரண்டு வந்தன. ஷெரின் கேட்டது முதல் கேள்வி. "அத்தை, உங்க வீட்டுல எதை எடுத்தாலும் சுதி சேந்த, சுதி சேராதன்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? இவர்கிட்ட கேட்டா அம்மாகிட்ட கேளுங்கிறார்" என்றாள். சென்னையில் இங்கிலீஷ் பூசைக்குப் போய் வளர்ந்த பிள்ளை, நம் வீட்டு வார்த்தை அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டாவது கேள்வியை நீ கேட்டாய். கல்யாணப் பூசையில் நன்றிப் பாட்டு நான் பாடுவேனா, மாட்டேனா என்று. முதல் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் இரண்டாவதற்குச் சொல்ல வரும். இதை நீ அவளுக்கும் படித்துக் காட்டு. படிக்கும்போது உனக்குக் கூச்சமாக இருக்கிற இடங்களைத் தாண்டிப் போகாதே.

ஷெரினுக்காக நம் கோயில் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பூசையில் நற்கருணை வாங்கி எல்லோரும் இடத்தில் வந்து உட்கார்ந்த பிறகு வருவதுதான் நன்றிப் பாட்டு. மற்றப் பாட்டுகளைப் பாடகர் குழு முழுக்கச் சேர்ந்து பாடும். ஆனால் குழுவில் இருக்கிற ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்றால், அன்றைக்கு நன்றிப் பாட்டை அவர் மட்டும் எழுந்து நின்று பாட வேண்டும். பல்லவிக்கு மட்டும்தான் மற்றவர்கள் சேருவார்கள். யார் இந்த வழக்கத்தை வைத்தார்கள் என்று தெரியாது. குழுவில் என்னோடு பாடுகிற பிலோமினா அக்கா தன் மகள் கல்யாணத்தில் பாதி வரி பாடி மீதி வரி அழுதாள், அதையும் எல்லோரும் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் அத்தனை வருஷம் முன்வரிசையில் நின்று பாடியவள். என் முறை வரும்போது எந்தப் பாட்டு, எந்தப் புடவை என்பதையெல்லாம் நீ வேலைக்குப் போகும் முன்பே முடிவு செய்து வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்யாண ஓலையை, இன்னார் இன்னாரைக் கட்டப் போகிறார் என்கிற அறிவிப்பை, ஃபாதர் முதல் தடவையாக வாசித்தார். உன் பெயரும் அவள் பெயரும் சேர்ந்து கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால், கீபோர்டு வாசிக்கிற சேவியர் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "என்ன தங்கச்சி, பாட்டு நீங்கதானே? இல்ல, திருச்சியிலேருந்து ஆள் வரச் சொல்லட்டுமா?" என்றார். நான் செருப்பைத் தேடினேன்.

சரி, வார்த்தைக்கு வருகிறேன். சுருதியைத்தான் நாங்கள் சுதி என்கிறோம். பாட்டு தொடங்கும் முன் சேவியர் அண்ணன் கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடிப்பார். அந்த நேரத்தில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கேட்டு, மனசுக்குள் பிடித்து, பிறகுதான் பாட வேண்டும். கேட்காமல் பாய்ந்தவர் குரல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இவ்வளவுதான் சுதி. கோயிலோடு இருந்த இந்த வார்த்தையை வீட்டுக்குள் கொண்டு வந்தவர், பாட்டுக்கும் தனக்கும் ஏழாம் பொருத்தமான உன் அப்பா. பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார், வாயில் விசில் இல்லாத நேரத்திலும் விசில் போலவே பேசுகிறவர். கல்யாணமான புதிதில் என்னைச் சீண்டத்தான் அதை எடுத்தார். பச்சைச் சட்டைக்கு ஊதாக் கரை வேட்டி கட்டினால் அது சுதி சேராத உடுப்பு. ஒரு கால் குட்டையான மேசை, சுதி சேராத மேசை. கத்தரிக்காயும் கருவாடும் நன்றாகக் கூடி வந்த அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டு, "இதுதான்யா சுதி சேந்த கொழம்பு" என்பார். இலுப்பூர் பஸ் கியர் மாற்றும்போது அலறினால் பக்கத்து சீட்டுக்காரரிடம், "வண்டி சுதி சேரலங்க" என்பார், அந்த மனுஷன் முழிப்பார்.

ஆனால் நல்லது கெட்டது என்பதோ, பொருத்தம் என்பதோ மட்டுமல்ல அதற்கு அர்த்தம். விராலிமலையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு நாம் போனது உனக்கு நினைவிருக்கும். புது வீடு, கண்ணாடி போலத் தரை, தட்டு நிறையப் பலகாரம். அவர் நம்மிடம் பேசுகிறார், அவர் மனைவியும் நம்மிடம் பேசுகிறாள், இருவரும் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் அப்பா, "காப்பி நல்லாத்தான் இருந்துச்சு. வீடுதான் சுதி சேரல" என்றார். அப்போதுதான் அந்த வார்த்தைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. ஷெரின் கேட்டதற்கு இதுதான் என் பதில். ஒரு மனுஷன் பக்கத்தில் இருப்பவரின் காதால் கொஞ்சம் கேட்டுவிட்டு, பிறகு தன் வாயைத் திறந்தால் அவன் சுதி சேந்த ஆள். டீக்கடைப் பக்கம் விசாரித்தால் சுதி என்றால் குடித்து ஏறுகிற போதை என்று வேறு விளக்கம் சொல்வார்கள், அதை அவள் நம்ப வேண்டாம்.

இப்போது உன்னைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதே, நீ அப்பாவின் தொண்டையைத்தான் வாங்கிக்கொண்டு பிறந்தாய். நான் ஒரு சுரத்தைப் பாடிக் காட்டினால் நீ அதற்கு மேலும் கீழும் எல்லா இடத்துக்கும் போய்விட்டு வருவாய், அந்த இடத்தில் மட்டும் நிற்கமாட்டாய். ஆனால் அதற்காக நீ ஒரு நாளும் முகம் வாடியதில்லை. ஊர்த் திருவிழாப் பூசை நினைவிருக்கிறதா? யாருக்கோ சுதியை ஏற்றி வாசித்துவிட்டு, அந்த டிரான்ஸ்போஸ் பட்டனைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர சேவியர் அண்ணன் மறந்துவிட்டார். வருகைப் பாட்டு தொடங்கியதும் எங்கள் எல்லோருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. நிறுத்தவும் முடியாது, ஃபாதர் பீடத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார். பிலோமினா அக்கா உச்சத்தில் போய் வெறும் காற்றை விட்டாள். கோயிலே கூரையைப் பார்த்து அலறியது. பூசை முடிந்ததும் சேவியர் அண்ணன் கீபோர்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள, நாங்கள் அவரைச் சுற்றி நின்று வறுத்தெடுத்துக்கொண்டிருந்தோம். நீ கல்லூரி முடித்த சமயம். நடுவில் வந்து, "இன்னைக்குத்தான் எல்லாரும் எனக்கு சுதி சேந்து பாடுனீங்க. ரொம்ப நன்றி" என்று கும்பிட்டாய். சேவியர் அண்ணன்கூடச் சிரித்துவிட்டார். உன்னால் பாட முடியாது, ஆனால் சண்டை வரப் போகிற இடத்தில் எதைச் சொல்லலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அப்புறம் என் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு, எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்கள். குரல் நரம்பு பக்கத்திலேயே போகிறது, குரல் மாறலாம் என்று டாக்டர் முன்பே பக்குவமாகச் சொன்னார். நான் தலையாட்டினேன், நமக்கெல்லாம் ஆகாது என்கிற நினைப்புதான். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று உத்தரவு. உன் அப்பா செய்ததை நீ பாதிதான் பார்த்தாய். பேசக்கூடாது என்றது என்னைத்தான். ஆனால் அவரும் கிசுகிசுக்கத் தொடங்கிவிட்டார். பால்காரரிடம் கிசுகிசுப்பு, மீன்காரம்மாவிடம் கிசுகிசுப்பு. அந்த அம்மா பயந்துபோய், "சாருக்கு என்னாச்சு? நல்லாத்தானே இருந்தாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறாள். மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையனை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய மனுஷன், என் வாய் மூடியிருந்த நாளெல்லாம் தன் குரலையும் மடித்து வைத்துக்கொண்டார். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் பேச ஆரம்பித்த அன்று, "அப்பாடா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். ஷெரின், சுதி சேந்த ஆம்பிளை எப்படி இருப்பார் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அப்புறம் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.

பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. மேலே போகிற இடத்தில் குரல் பிளந்து, பிறகு காணாமல் போனது. நான் முன்வரிசைக்குப் போவதை நிறுத்தினேன். கோயிலில் பின்னால் தூணோரமாக உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்தேன். யாராவது கேட்டால், "முட்டி வலி, நிக்க முடியல" என்றேன். முட்டிக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி சொல்லித்தந்த திருச்சிப் பெண், தினமும் உதட்டை மூடி "ம்ம்" என்று ஒரே மூச்சில் இழுக்கச் சொன்னாள். இத்தனை வருஷம் பாடியவள் கன்றுக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டிருப்பதா என்று எனக்கு ஆத்திரம். செய்யவில்லை. செய்கிறேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன். உனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு நீ செய்ததற்குத்தான் இந்தக் கடிதம். லிஃப்ட் சர்வீஸ் வேலையில் உனக்கு மதியச் சாப்பாட்டு இடைவெளி என்பது ஏதாவது ஒரு அடுக்குமாடியின் மொட்டைமாடியில், மோட்டார் ரூமில்தான். அங்கிருந்து தினமும் கூப்பிட்டாய். நலம் விசாரிப்பதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. எடுத்ததும், "ம்ம்ம்" என்று நீயே தொடங்கிவிடுவாய். அய்யோ, அது என்ன சுதி! அந்தச் சின்ன அறையில் மோதி இன்னும் கோணலாகிக் கேட்கும். முதல் நாள் நான், "டேய், நிறுத்துடா, கேக்க முடியல" என்றேன். "அப்ப நீ நல்லாப் பண்ணிக் காட்டு" என்றாய். அந்தத் தப்பைத் திருத்துவதற்காகவே நான் "ம்ம்" என்றேன். என் பிளந்த குரலும் உன் கோணல் குரலும் போனில் மோதிக்கொண்டன. உன்னைவிட மோசமாக என்னால் பாட முடியாது என்பதால் எனக்கு வெட்கம் போய்விட்டது. மழை நாளில் கூப்பிட்டாய், ஷெரின் வீட்டுக்காரர்கள் முதல்முதலாக உன்னைப் பார்க்க வந்த நாளில்கூடக் கூப்பிட்டாய். ஒருநாள் உன்னோடு வேலை செய்கிறவர் வெளியிலிருந்து, "யாருங்க அங்கிட்டு மாடு மாதிரி கத்துறது?" என்று கேட்க, "எங்கம்மாவுக்குப் பாட்டுச் சொல்லிக் குடுக்குறேன்" என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. நான் சிரித்தேன், சிரித்ததில் குரல் உடையவில்லை. நீ அதைக் கவனித்தாயா? நான் கவனித்தேன்.

உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, நம் வீட்டில் அம்மாக்கள் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லை. பெற்றதற்கு நீதான் எனக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். நான் சொல்கிறேன். நன்றி அருள். எனக்குக் குரல் மட்டும்தான் போயிருந்தது, அதோடு நானும் போக இருந்தேன். நீ விடவில்லை.

ஆனாலும் பார், போன மாதம் நீ வந்தபோது உன்மேலேயே பாய்ந்தேன். கல்யாணத்துக்கு நான் பாடமாட்டேன், உச்சம் வராது என்று சொன்னேன். நீ இட்லியைப் பிட்டுக்கொண்டே, "சேவியர் மாமாகிட்டச் சொல்லி அந்தச் சுதியை எறக்கச் சொன்னா என்ன?" என்றாய். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "ஒனக்குப் பாட்டப் பத்தி என்ன தெரியும்? அந்தப் பாட்டு அந்தச் சுதியிலதான் பாடணும்" என்று கத்த முயன்று, குரல் உடைந்து, எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். ஆனால் நீ சொன்னது காதில் விழாமல் இல்லை. "ஆளு ஏற முடியாத அளவுக்கு லிஃப்ட் மேல நின்னா, லிஃப்டத்தானேம்மா எறக்குவோம்? ஆளையா எகிறிக் குதிக்கச் சொல்லுவோம்?" என்றாய்.

கோயிலில் சேவியர் அண்ணன் பிடிக்கிற சுதிதான் சுதி. எங்கள் குழுவில் யாரும் அதை இறக்கச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்டால் வயதாகிவிட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. அதனால்தான் அந்தத் திருவிழாவில்கூட நரம்பு புடைக்கப் பாடினோமே தவிர, ஒருவரும் வாயை மூடவில்லை. அந்த உச்சத்தை எட்டுகிறவள் என்பதுதான் என் பெருமையாக இருந்தது. அதைக் கீழே வைப்பது எனக்குக் கழுத்தை அறுத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

செருப்பைத் தேடிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் மத்தியானம் சேவியர் அண்ணனுக்குப் போன் செய்து கோயிலுக்கு வரச் சொன்னேன். உன் அப்பாவும் கூட வந்து, எதுவும் தெரியாதவர் போல வாசல் பக்கம் நின்றுகொண்டார். "அண்ணே, கொஞ்சம் எறக்கிப் புடிங்க" என்றேன். இவ்வளவு சின்ன வாக்கியத்துக்கு எத்தனை நாள்! அவர் அந்தப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினார். வரவில்லை. "இன்னும்" என்றேன். "ரொம்ப எறங்குனா பாட்டோட களை போயிருமே தங்கச்சி" என்று தயங்கினார். "போனாப் போகுதுண்ணே" என்றேன். இன்னும் இறக்கினார். ஓரிடத்தில் என் குரல் நின்றது. பழைய குரல் இல்லை. தடித்து, கரகரத்து, பாதி ஆம்பிளைக் குரல் போல. ஆனால் உடையாமல் நின்றது. பாட்டு முடியும் வரை நின்றது. சேவியர் அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கீபோர்டைத் துடைத்தார், அதில் தூசி ஒன்றும் இல்லை. பிறகு, "இத்தனை நாளாச் சொல்லியிருக்கக் கூடாதா? நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். வாசலில் உன் அப்பா மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

கல்யாணமாகப் போகிற பிள்ளைக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். உனக்கு வேலையில் எரிச்சல் வரும், அவளுக்கும் வரும். இருவரில் ஒருவர் குரல் அன்றைக்கு மேலே ஏறாது. அன்றைக்கு மற்றவர் இறங்கி வரட்டும், யார் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். இறக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சப்படாதீர்கள், அதில்தான் நான் சறுக்கினேன். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல். முட்டி வலி என்று சொல்லாதே. ஷெரின், இவன் ஏதாவது கோணலாகச் செய்தால் உடனே காதைப் பொத்தாதே. இவன் தப்பாகத் தொடங்குவதே சில நேரம் நம்மை வாய் திறக்க வைக்கத்தான்.

சரி, இரண்டாவது கேள்விக்குப் பதில். பாடுகிறேன். திருச்சியிலிருந்து யாரும் வர வேண்டாம். நான் வைத்திருந்த பாட்டுதான், வைத்திருந்த புடவைதான், சுதி மட்டும் வேறு. பழகிய காதுகளுக்கு வித்தியாசமாக இருக்கும், பின்வரிசையில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன், மாட்டேன் என்று சொல்லாதே. நான் எழுந்து நின்றதும் சேவியர் அண்ணன் எனக்குச் சுதி பிடிக்கப் பார்ப்பார். நான் அவரைப் பார்க்கமாட்டேன், பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற உன்னைத்தான் பார்ப்பேன். கோட்டுச் சூட்டு போட்டிருக்கிறோமே, கோயில் நிறையச் சனம் இருக்கிறதே என்றெல்லாம் யோசிக்காதே. மோட்டார் ரூமிலிருந்து சொல்வாயே, அதே மாதிரி ஒரு "ம்ம்" சொல். அது எங்கே வந்து நிற்கும் என்று ஆண்டவருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. சேவியர் அண்ணன் பட்டனைத் தட்டித் தேடிக்கொள்ளட்டும். நான் அங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

உன் அம்மா